கலைக்கப்பட்ட குழு படிக்கட்டில் நிற்கிறது

அருங்காட்சியகத்தில் கனமான பொருள்களைத் தூக்கிக்கொண்டு போவதற்கு நான்கு பேர் இருந்தார்கள். நிர்வாகம் அவர்களுக்கு ‘அசைவுக் குழு’ என்று பெயர் வைத்திருந்தது. மற்ற எல்லோரும் ‘தூக்கறவங்க’ என்றார்கள்.

நால்வரில் பின்னோக்கி நடப்பவனின் பெயர் ரிவர்ஸ். அவன் அம்மா வேறு ஒரு பெயர் வைத்திருந்தாள். அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. சிலையையோ கல்வெட்டையோ தூக்கும்போது, அது சாய்கிறதா, கயிறு நழுவுகிறதா என்று ஒருவர் பொருளைவிட்டுக் கண்ணெடுக்காமல் முன்னால் போக வேண்டும். அப்படிப் பார்க்க வேண்டுமானால் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். அதனால் அந்தக் கட்டடத்தின் எந்த அறைக்குள் போவதையும் ரிவர்ஸ் பார்த்ததில்லை. எல்லா அறைகளையும் விட்டு வெளியேறும்போதுதான் பார்த்திருக்கிறான்.

அவனுக்குக் கண், எதிர்முனையைப் பிடித்திருந்த அக்கா. பருத்த தோள்களும் சின்னக் குரலும் கொண்டவள். தூக்கும்போது “படி”, “தூண்”, “வலது பக்கம்” என்பதற்கு மேல் அவள் பேச மாட்டாள். அவனுக்குச் சந்தேகம் வந்தால் “அக்கா” என்பான். அவன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லிவிடுவாள். அவன் பக்கத்து முனையில் மாமா, இடுப்பு வலி காரணமாக நண்டுபோலப் பக்கவாட்டில் நடப்பார். அவர் யாருக்கும் மாமா இல்லை, ஆனால் இயக்குநர் தவிர எல்லோருக்கும் அவர் மாமாதான். அக்காவின் பக்கத்தில் நெட்டையன். அவன் உயரத்துக்குப் பொருள் எப்போதும் ஒரு பக்கம் தூக்கியே இருக்கும் என்பதால் முழங்காலை மடக்கியே நடந்து, வீட்டிலும் அப்படியே நடக்கத் தொடங்கியிருந்தான்.

இப்படி இருக்கும்போது வெளியிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். ஒரு கருங்கல் யானையை மேல் தளத்திலிருந்து கீழ்த் தளத்துக்கு இந்த நால்வரும் கொண்டு வருவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். யானை சுவரில் உரசாமல் வந்து சேர்ந்தது. ஆலோசகர்கள் தங்கள் அறிக்கையில், பணியின்போது உறுப்பினர்களுக்கிடையே கலந்துரையாடல் ஏதும் நடைபெறவில்லை என்றும், கலந்துரையாடல் இல்லாத இடத்தில் குழு இருப்பதாகக் கருத இயலாது என்றும், இல்லாத குழுவைக் கூடிய விரைவில் கலைத்துவிடுவது நல்லது என்றும் எழுதினார்கள். இனிமேல் பொருள்கள் நகராது, பார்வையாளர்கள்தான் நகர்வார்கள் என்று இயக்குநர் அறிவித்தார். பார்வையாளர்கள் அதுவரையிலும் நகர்ந்துகொண்டுதான் இருந்தார்கள் என்றாலும், அறிவிப்புக்குப் பிறகு அது ஒரு கொள்கையாகிவிட்டது.

மாமா நுழைவுச்சீட்டு ஜன்னலுக்கு. நெட்டையன் ஊரின் மறுகோடியில் இருந்த கிளை நூலகத்துக்கு. உயரமான அலமாரிகள் அங்கே இருந்தன. ரிவர்ஸ் பார்வையாளர்களுக்கு வழிகாட்டி. அக்கா தொலைவில், கடலோர ஊர் ஒன்றில் இருந்த சேமிப்புக் கிடங்குக்கு. எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை மாலை, மூடும் மணி அடித்ததிலிருந்து உத்தரவு அமலுக்கு வரும்.

ரிவர்ஸ் வீட்டில் இதைச் சொன்னபோது அவன் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க,” என்றாள்.

“என்ன வார்த்தை?”

“இத்தனை வருஷம் உங்களைக் கை கால் முழுசா வீட்டுக்கு அனுப்பியிருக்காங்கல்ல. அதைச் சொல்லுங்க.”

“போன்ல சொல்லிக்கலாமே.”

“போன்ல சொன்னா ஏதோ கடன் கேக்க அடிபோடறீங்கன்னு நினைப்பாங்க. முகத்தைப் பாத்துச் சொல்லணும். சொல்லாம மட்டும் வந்துடாதீங்க. உங்களுக்கு வாய் வராது, எனக்குத் தெரியும். அதான் இப்பவே சொல்றேன்.”

அவன் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் கட்டிவைத்துக்கொண்டான். ‘இத்தனை வருஷம் என்னை முழுசா வீட்டுக்கு அனுப்பினீங்க அக்கா.’ பெரிய வாக்கியம் இல்லை. ஒரு நடைபாதையின் நீளத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம்.

ஆனால் மறுநாளே பிரியாவிடை அலுவலர் வந்துவிட்டார்.

அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு பதவி இருப்பது நால்வருக்கும் தெரியாது. மெலிந்த, வெள்ளைச் சட்டைக்காரர். பல குழுக்களைப் பிரித்த அனுபவம் உள்ளவர். மதியம் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்த அவர்களின் மேசையில் ஐந்தாவதாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீங்க சாப்பிடுங்க. நான் சும்மா கவனிக்கத்தான் வந்தேன். விழாவுக்கு முன்னாடி தனிப்பட்ட முறையில யாரும் யாருகிட்டயும் விடை பெறக் கூடாது. அதைப் பாத்துக்கறது என் பொறுப்பு.”

“ஏன் சார்?” என்றான் நெட்டையன்.

“ஒரு குழுவுக்கு ஒரு விடைதான் ஒதுக்கீடு. நீங்க இங்கேயே சில்லறையா கொடுத்து முடிச்சிட்டா, விழாவுல இயக்குநர் எதைக் கொடுப்பார்? போன தடவை பாருங்க, வரைபடப் பிரிவுல நாலு பேரு முன்கூட்டியே கட்டிப்பிடிச்சு அழுதுட்டாங்க. விழா அன்னிக்கு மேடையில கண்ணு வறண்டுபோய் நிக்கறாங்க. இயக்குநர் பேச்சு எடுபடவே இல்லை. எனக்குத்தான் கெட்ட பேரு.”

“கண்ணு கலங்கினாக்கூடத் தப்பா?” என்று மாமா கேட்டார்.

“கலங்கலாம். ஆனா எதுக்குக் கலங்குதுன்னு எனக்குத் தெரியப்படுத்தணும்.”

மாமா சோற்றில் மிளகாயைப் பிசைந்து, “இது மிளகாய்க்கு,” என்று தெரியப்படுத்தினார்.

அன்று முதல் அலுவலர் அவர்களைப் பிரியவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்தார், கை கழுவும் இடத்தில் இருந்தார். ஒருமுறை ரிவர்ஸ் அக்காவின் அருகே போய் வாயைத் திறந்தபோது, அவர்களுக்கு நடுவே அலுவலரின் முகம் ஜன்னலில் எட்டிப்பார்க்கும் பல்லிபோல வந்து நின்றது. ரிவர்ஸ், “கயிறு எங்க வச்சீங்க?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டான். கயிறு அவன் தோளிலேயே கிடந்தது. அக்கா அதைச் சொல்லவில்லை. தன் கையிலிருந்த இன்னொரு கயிற்றை அவனிடம் நீட்டினாள்.

வியாழக்கிழமை பயிற்சி வகுப்பு நடந்தது. விழாவின் இறுதியில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அலுவலர் கரும்பலகையில் எழுதினார்.

“வழக்கமா நீங்க என்ன சொல்லுவீங்க? ‘வரேன்’னு சொல்லுவீங்க. அது தப்பு. நீங்க வரப்போறதில்லை. அமைப்பு சார்பா தவறான தகவல் போகக் கூடாது. ‘செல்கிறேன்’. எங்க, சொல்லுங்க.”

“செல்கிறேன்,” என்றான் நெட்டையன், செய்தி வாசிப்பவரின் குரலில்.

“நல்லா இருக்கு. நீங்க?”

“எனக்கு வாய் வரலைங்க,” என்றாள் அக்கா. “போறப்ப போறேன்னு சொன்னா மனசு ஒரு மாதிரி ஆயிடும்.”

“அதுக்குத்தான் ‘போறேன்’ன்னு சொல்லச் சொல்லலை. ‘செல்கிறேன்’ங்கறதுல மனசு ஒண்ணும் ஆகாது. நாங்க சோதிச்சுப் பாத்திருக்கோம்.”

அக்கா தலையாட்டினாள். அவள் பார்வை கரும்பலகையில் இல்லை. அறைக் கதவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தது. எந்த அறைக்குள் போனாலும் அவளுக்கு அந்தப் பழக்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. நிலவறைக் கிடங்கில் வெண்கலச் சிற்பம் ஒன்று பல வருடங்களாகக் கிடந்தது. ஒன்றையொன்று பற்றியிருக்கும் இரண்டு பெரிய கைகள், ‘ஒற்றுமை’ என்று பெயர். குழுவைக் கலைக்கும் உரையை நிகழ்த்தும்போது அது தன் பின்னால் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு யானைக் குட்டியளவு கனம். அதைக் கிடங்கிலிருந்து அரங்குக்குக் கொண்டு வர அந்தக் கட்டடத்தில் நான்கு பேரால்தான் முடியும்.

“எங்க விழாவுக்கு நாங்களே தூக்கணுமா?” என்று நெட்டையன் கேட்டான்.

“உங்க கல்யாணத்துல நீங்க சும்மாவா இருந்தீங்க?” என்றார் அலுவலர்.

கொண்டு வந்தார்கள். மேடையின் இடது பக்கம் வைத்தார்கள். இயக்குநர் வந்து பார்த்து, வலது பக்கம் என்றார். வலது பக்கம் வைத்தபோது வெளிச்சம் சரியில்லை. நடுவில் வைத்தார்கள். நடுவில் வைத்தபோது விழா தொடங்கிவிட்டது. முன்வரிசையில் ‘உறுப்பினர்’ என்று அட்டை ஒட்டிய நான்கு நாற்காலிகள் இருந்தன. அவற்றில் உட்கார நால்வரும் மேடையிலிருந்து இறங்கும்போது, புகைப்படக்காரர் இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். படத்தில் வெண்கலக் கட்டைவிரல் இயக்குநரின் உச்சந்தலையிலிருந்து முளைத்ததுபோல் தெரிகிறதாம். இயக்குநர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் நால்வரையும் பார்த்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவர்கள் சிற்பத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறியபோது, காலியான நாற்காலிகள் படத்தில் நன்றாக இருக்காது என்று கணக்குப் பிரிவிலிருந்து நான்கு பேரை அழைத்து அவற்றில் உட்காரவைத்தார்கள். அவர்கள் கையில் பூங்கொத்தும் கொடுத்தார்கள்.

நிலவறைக்குப் போகும் படிக்கட்டு அகலமானது, ஆனால் செங்குத்தானது. ரிவர்ஸ் முதுகைக் காட்டிக் கீழ்முகமாக இறங்க, பக்கத்தில் மாமா நண்டு நடை நடக்க, மேல்முனையில் அக்காவும் நெட்டையனும். அரங்கின் ஒலிபெருக்கி படிக்கட்டிலும் ஒன்று இருந்தது.

“பிரிவு என்பது வருத்தமல்ல,” என்றது இயக்குநரின் குரல். “ஒற்றுமை ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் நிர்வாகத்துக்கு என்ன பயன்? ஒற்றுமையாக இருக்கும் நால்வரை நாலு இடத்துக்கு அனுப்பினால் நாலு இடத்திலும் ஒற்றுமை வந்துவிடும். இது கணக்கு.”

“படி,” என்றாள் அக்கா.

“இந்தக் குழுவை நான் நன்றாக அறிவேன். தினமும் என் ஜன்னலிலிருந்து இவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் முகம் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம்.” சிறிது இடைவெளி. “நீங்கள் நால்வரும் எழுந்து நில்லுங்கள்.”

ஒலிபெருக்கியில் கைதட்டல் கேட்டது. கணக்குப் பிரிவு எழுந்து நின்றிருக்க வேண்டும்.

“நம்மளைத்தான் சொல்றாரு, நிமிந்து நில்லு,” என்றார் மாமா மேல்மூச்சு வாங்க. நெட்டையன் சிரித்ததில் சிற்பம் குலுங்கியது. “சிரிக்காதடா,” என்றாள் அக்கா. “படி.”

அப்போது மூடும் மணி அடித்தது.

“இந்தக் கணத்திலிருந்து,” என்றது ஒலிபெருக்கி, “அசைவுக் குழு கலைக்கப்படுகிறது.”

மேலே கதவு திறந்து அலுவலர் இறங்கி ஓடிவந்தார். “நில்லுங்க. அசையாதீங்க.”

நின்றார்கள். மேலே பாதிப் படிகள், கீழே பாதிப் படிகள்.

“நீங்க கலைஞ்சாச்சு. இனிமே சேந்து ஒரு பொருளைத் தூக்கிட்டுப் போகக் கூடாது. குழு இல்லாத நேரத்துல பொருள் நகந்தா காப்பீடு செல்லாது.”

“அப்ப கீழ வச்சிடலாமா?” என்றான் நெட்டையன்.

“படியில வைக்கறதும் நகத்தறதுதான்.”

“விட்டுடலாமா?”

அலுவலர் யோசித்தார். “அது விபத்து. அதுக்கு வேற விண்ணப்பம்.”

“சார்,” என்றார் மாமா, “நாங்க கலைஞ்சிட்டோம், சரி. இந்தக் கைக்கு யாராவது தகவல் சொல்லுங்க. அது இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கு.”

அலுவலர் ஒதுங்கிப் போய்க் கைபேசியில் பேசத் தொடங்கினார். மேலே விருந்து ஆரம்பித்திருந்தது. தட்டுகளின் சத்தமும் நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டன. நால்வரும் அசையாமல் நின்றார்கள். அத்தனை நாள்களில் முதல்முறையாக, தூக்கியபடி நிற்க மட்டுமே செய்தார்கள். வெண்கல விரல்களின் இடுக்கு வழியாக அக்காவின் முகம் ரிவர்ஸுக்கு நன்றாகத் தெரிந்தது. மேலுதட்டில் வியர்வை. நெற்றியில் ஒட்டிய ஒரு முடிக்கற்றை. அவளும் அவன் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் தோளுக்கு மேலாக. இதைவிட நல்ல நேரம் வராது என்று அவனுக்குத் தெரிந்தது.

“அக்கா,” என்றான்.

“பின்னாடி ஒண்ணும் இல்ல. படி மட்டும்தான். கைப்பிடி உன் இடது பக்கம்.”

“இல்லக்கா.”

“வலது பக்கம் சுவர். ஒரு கை தூரம். பயப்படாத.”

“அது இல்லக்கா. உங்ககிட்ட ஒண்ணு—”

“இருங்க, இருங்க,” என்று அலுவலர் கைபேசியைப் பொத்திக்கொண்டு திரும்பினார். “விடை கொடுத்தாச்சு. இயக்குநர் சொன்னது கேட்டீங்கல்ல? உங்க நாலு பேருக்குமானது முடிஞ்சு பதிவாயிடுச்சு. மறுபடியும் சொன்னா ஒரே குழுவுக்கு ரெண்டு விடை. முன்னாடி சொன்னா அவசரம், பின்னாடி சொன்னா இரட்டிப்பு.”

“அப்ப எப்பதான் சார் சொல்றது?” என்று ரிவர்ஸ் கேட்டான். அவன் எதிர்த்துக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.

“விழா நேரத்துல. அப்ப நீங்க அரங்குல இருந்திருக்கணும்.”

ரிவர்ஸ் மறுபடியும் பொருளைப் பார்க்கத் தொடங்கினான்.

கைபேசியில் தீர்வு கிடைத்தது. கலைக்கப்பட்ட குழுவாக அவர்கள் நகரக் கூடாது. ஆனால் ஒவ்வொருவராக விடுவிக்கப்பட்டு, அந்த முனையை வேறொருவர் பிடித்தால், நால்வரும் வேறு வேறு ஆள்களாக ஆனதும் பொருள் பழைய குழுவின் கையில் இருந்ததாகவே ஆகாது. அலுவலருக்கு அந்தத் தர்க்கத்தின் அழகில் முகம் மலர்ந்தது.

முதலில் காவலாளி வந்து மாமாவின் முனையை வாங்கினார். மாமா படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, “வரேன்,” என்றார்.

“செல்கிறேன்,” என்று அலுவலர் திருத்தினார்.

“நீங்களும் செல்றீங்களா? வாங்க, சேந்தே செல்வோம்,” என்றார் மாமா. ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பக்கவாட்டில் நடந்தே மேலே ஏறிப் போனார்.

அடுத்துத் தோட்டக்காரர். நெட்டையன் தன் முனையை அவரிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான். முழு உயரத்தில் அவனைப் பார்த்தபோது ரிவர்ஸுக்கு யாரோ வேற்றாள்போல இருந்தது. நெட்டையன் ரிவர்ஸின் கன்னத்தில் வழிந்த வியர்வையைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, துண்டை அவன் தோளிலேயே போட்டுவிட்டுப் போனான்.

கீழே பின்வாசலில் வண்டி ஒலியெழுப்பியது. கடலோர ஊருக்கு அக்காவைக் கொண்டுபோகும் வண்டி. அலுவலர் இன்னும் இருவரைத் தேடினார். சமையல்காரர் விருந்தில் இருந்தார். கணக்குப் பிரிவினர் தங்களுக்குத் தரப்பட்ட நினைவுப் பரிசுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி மறுபடியும் ஒலியெழுப்பியது. வேறு வழியில்லாமல் அலுவலர் தன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்து, அக்காவின் முனைக்குத் தானே தோள் கொடுத்தார்.

“நாலாவது ஆளு?” என்று தோட்டக்காரர் கேட்டார்.

“இவர் இருக்கட்டும். ஆள் கிடைக்கும்வரை இவர் எந்தக் குழுவும் இல்லாத தனி நபர். தற்காலிக ஒத்துழைப்பு.”

அக்கா உடனே கையை எடுக்கவில்லை. பாரம் அலுவலரின் கையில் இறங்கியதை உறுதி செய்துகொண்டாள். “அவன் பின்னாடி பாக்க மாட்டான் சார். பொருளைத்தான் பாப்பான். நீங்கதான் பாத்துச் சொல்லணும். சொல்லலைன்னா விழுந்துடுவான்.”

“சரி, சரி,” என்றார் அலுவலர். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அவள் சுவரோரமாகக் கீழே இறங்கி வந்தாள். இத்தனை வருடமும் எதிரே இருந்த முகம், இப்போது அவன் பக்கவாட்டுக்கு வந்தது. மிக அருகே ஒரு கணம். சேலையின் உரசல் கேட்டது. அவன் கண்ணைப் பொருளிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால், அந்த மூவரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் அழகுக்கு, ‘ஒற்றுமை’ அவர்கள் எல்லோர் மேலும் விழுந்திருக்கும். பிறகு அவள் அவன் பின்னால் போனாள். அவளுடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது.

ரிவர்ஸ் சொன்னான். அலுவலரின் முகத்தைப் பார்த்தபடி, படிக்கட்டு முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னான்.

“இத்தனை வருஷம் என்னை முழுசா வீட்டுக்கு அனுப்பினீங்க அக்கா.”

அலுவலர் திகைத்தார். எந்த விதியின் கீழ் இதைத் தடுப்பது என்று யோசிக்க அவருக்கு மூச்சு இல்லை. கீழே செருப்புச் சத்தம் நின்றதுபோல இருந்தது. படி முடிந்து தரை வந்ததால் நின்றதா, அவள்தான் நின்றாளா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

“சார்,” என்றான் ரிவர்ஸ். “நிக்கறாங்களா?”

“பேசாதீங்க. எனக்குக் கை வழுக்குது.”

“ஒரே ஒரு தடவை நிமிந்து பாருங்க சார். திரும்பிப் பாக்கறாங்களா?”

“என்னால கையை விட்டுக் கண்ணெடுக்க முடியலைங்க,” என்றார் அலுவலர். அவர் குரல் வேறாகியிருந்தது, யாரிடமோ முறையிடுவதுபோல. “இவ்வளவு கனம் இருக்கும்னு யாரும் எங்கிட்ட சொல்லலை.”

“சார், பாருங்க சார்.”

காவலாளி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டக்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே வண்டிக் கதவு ஒன்று சாத்தப்பட்டது. இயந்திரம் உறுமி, மெல்ல விலகி, தெருச் சத்தத்தோடு கலந்தது. ரிவர்ஸ் அதைக் கேட்டபடி வெண்கல விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெகு நேரம் கழித்து அலுவலருக்குப் பிடி கொஞ்சம் நிலைத்தது. அவர் தலையை உயர்த்தி, ரிவர்ஸின் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தார்.

“யாரும் இல்லைங்க,” என்றார்.

“சரி சார்,” என்று சொல்லி ரிவர்ஸ் ஒரு காலைப் பின்னால் வைத்தான்.